சிறு நகரச் சலூன் எப்படி ஊர் கூடும் இடமானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சிறு நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் 1930-களிலிருந்து 1990-கள் வரை இயங்கிய சலூன்களைப் பற்றியது இந்தப் பக்கம். பேச்சு, பேப்பர், அரசியல் ஆகியவற்றோடு கத்தி, கல், மிஷின் பற்றிய கேள்விகளும் உண்டு. தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

சலூன் வருவதற்கு முன்னால் முடிவெட்டும் சவரமும் எங்கே நடந்தன?

தொழிலாளிதான் வீடு தேடிப் போனார். கத்தி, கத்தரி, கிண்ணி, தீட்டுக்கல், சிறு கண்ணாடி எல்லாவற்றையும் வைத்த தோல் அல்லது துணிப் பைக்கு அடைப்பம் என்று பெயர். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வசதியான வீட்டின் கொல்லைப்புறத்துக்கோ மாட்டுத்தொழுவத்துக்கோ போவார். மற்றவர்களுக்கு ஆற்றங்கரை, குளத்தங்கரை, ஆலமரத்தடி. வாடிக்கையாளர் மணையில் உட்காருவார், தொழிலாளி எதிரே குத்துக்காலிட்டு உட்காருவார்.

கூலி அன்றன்று கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் குடும்பத்துக்கு இத்தனை படி என்று நெல்லோ தானியமோ அளப்பார்கள். தென் மாவட்டங்களில் இவரைக் குடிமகன் என்பார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முகச்சவரம், சாவில் சங்கு ஊதுவது, கருமாதியில் தலை மழிப்பது என்று ஊரின் எல்லா நல்லது கெட்டதிலும் அவருக்கு வேலை இருந்தது. ஊர்ச் சேதி அனைத்தும் அவர் காதுக்கு வந்தது அதனால்தான். செய்தி சேரும் இடமாகச் சலூன் ஆனதற்கு வேர் அங்கே இருக்கிறது. புதுசாய் வந்தது சுவரும் கூரையும்தான்.

கடை வைத்ததால் அப்படி என்ன பெரிதாக மாறிவிட்டது?

யார் யாரைத் தேடிப் போவது என்பது மாறியது. எங்கள் பார்வையில் இதுதான் முழு வரலாற்றின் அச்சு. கொல்லைப்புறம் வழியாக உள்ளே வரவேண்டிய மனிதர் கடைவீதியில் வாடகைக்கு இடம் பிடித்துப் பலகை மாட்டினார். அவரை வரச்சொல்லி ஆள் அனுப்பியவர்கள் அவருடைய பெஞ்சில் முறைக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. நெல்லுக்குப் பதில் காசு, அதுவும் கையோடு. குத்துக்காலிட்டவர் நின்று வேலை செய்தார். எந்தப் பேப்பர் வாங்குவது, எந்த ரேடியோ நிலையத்தைத் திருப்புவது, சுவரில் யார் படத்தை மாட்டுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார்.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. ரயில் நிலையம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், ஆலை என்று வெளியூர் ஆட்கள் வந்து தங்கும் ஊர்களில்தான் கடை முதலில் நிலைத்தது. மாதச் சம்பளக்காரருக்குக் களத்துமேடு கிடையாது, அவர் காசு கொடுத்தே ஆகவேண்டும். குடுமி போய்க் கிராப்பு வந்ததும் கடைக்குச் சாதகமானது. குடுமிக்கு முன்னந்தலையை மழித்தால் போதும். கிராப்புக்குக் கத்தரி, சீப்பு, நல்ல வெளிச்சம், பெரிய கண்ணாடி வேண்டும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வந்தாக வேண்டும்.

ஊர் கூடுவதற்கு டீக்கடை இருந்ததே, சலூன் எதற்கு?

டீக்கடையில் ஒரு டீக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் பெஞ்சைப் பிடித்திருந்தால் கடைக்காரர் முகம் கோணும். சலூனில் காத்திருப்பதுதான் முறை. கத்தரியில் ஒருவருக்கு முடிவெட்ட 20 முதல் 25 நிமிடம், சவரத்துக்கு 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். இரண்டு நாற்காலி உள்ள கடையில் நான்கு பேருக்குப் பின்னால் வருபவருக்கு முக்கால் மணி நேரம் நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஒன்றரை மணி நேரமாகும்.

அவர்கள் ஒருவருக்கொருவர் வேண்டப்பட்டவர்களாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆசிரியர், மில் தொழிலாளி, மளிகைக்கடைக்காரர், காலேஜ் பையன் எல்லாரும் ஒரே பெஞ்சில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதோடு, முகத்தில் நுரையும் கழுத்தில் கத்தியுமாக இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் பெஞ்ச் பேசுவதைக் கேட்டே தீரவேண்டும்.

கடையின் உள்ளமைப்பு எப்படி இருக்கும்?

பெரும்பாலும் எட்டடி அகலம், பத்து முதல் பன்னிரண்டடி நீளம். வாசலில் பாதி உயரத்துக்கு ஸ்பிரிங் கதவு அல்லது திரைச்சீலை. ஒரு நீளச் சுவரில் பெரிய கண்ணாடியும் அதன் கீழே பலகைத் தட்டும். வசதியான கடைக்காரர் பெல்ஜியம் கண்ணாடி என்று சொல்லியே வாங்கி மாட்டுவார். எதிர்ச்சுவரில் இன்னொரு கண்ணாடி, அதன் கீழே பெஞ்ச்.

இரண்டு கண்ணாடி வைப்பதற்குத் தொழில் காரணம் பின்னந்தலையைக் காட்டுவது. ஆனால் நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்தவரும் பெஞ்சில் இருப்பவரும் முகம் பார்த்துப் பேச முடிந்ததும் அதனால்தான். எதிர்க் கண்ணாடி உடைந்து, மாற்றாமல் விட்ட கடைகளில் பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் பேச்சு அறுந்துபோகும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நாற்காலி மரத்தால் ஆனது. தலையைச் சாய்க்கும் பகுதியைப் பற்களில் மாட்டி ஏற்றி இறக்கலாம். சின்னப் பையன்களுக்குக் கைப்பிடிகளின் குறுக்கே ஒரு பலகை. தட்டில் தண்ணீர்க் கிண்ணி, கோத்ரெஜ் சவர சோப்பு, பிரஷ், படிகாரம், டெட்டால், குட்டிக்குரா பவுடர். கண்ணாடிக்கு மேலே நடிகர் படங்கள். “இதுபோல வெட்டுங்கள்” என்று விரல் நீட்டிக் காட்டவும் அவை பயன்பட்டன.

எந்தப் பேப்பர் வாங்கினார்கள்? எப்படிப் படித்தார்கள்?

அதிகம் கண்ணில் பட்டது தினத்தந்தி. சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கியது. சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சுக்கு நெருக்கமான நடை. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் தலைப்பை உரக்கச் சொல்லிவிடலாம். 1951 கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். அதனால் பேப்பர் காதால் கேட்கும் பொருளாகவும் இருந்தது. ஒருவர் வாசிக்க, நான்கு பேர் கேட்டு, ஐந்தாமவர் மறுத்துப் பேசுவார்.

பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரிந்துவிடும். நடுப்பக்கம் ஒருவரிடம், கடைசிப் பக்கம் இன்னொருவரிடம். 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு படக்கதைக்குப் பையன்களிடையே போட்டி. சாயங்காலத்துக்குள் தாள்கள் கிழிந்துவிடும். கிழிந்தவை வீணாகாது. கத்தியில் வழித்த நுரையைத் துடைக்க உள்ளங்கை அளவுக்குக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பார்கள். பழைய சலூன் பேப்பர்கள் இன்று சேகரிக்கக் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

ரேடியோ எப்போது வந்தது?

வால்வு ரேடியோ விலை அதிகம். உரிமமும் எடுக்க வேண்டும், அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். 1960-களில் டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் சிறு கடைகளுக்குக் கட்டுபடியானது. உரிம முறை 1980-கள் வரை இருந்தது. மாநிலச் செய்திக்குத் திருச்சி, சென்னை நிலையங்கள். பாட்டுக்கு இலங்கை வானொலி. ராமநாதபுரம், தஞ்சைக் கடலோர ஊர்களில் அது உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்கும். ரேடியோ வந்ததும் ஒன்று நடந்தது: செய்தி நேரத்துக்கு மட்டும் பெஞ்ச் அமைதியானது, முடிந்த கையோடு விவாதம் இரட்டிப்பானது.

திராவிட இயக்கம் சலூன்களில் வளர்ந்தது என்பது எவ்வளவு உண்மை?

சலூனில் மட்டும் வளர்ந்தது என்றால் மிகை. படிப்பகம், டீக்கடை, சைக்கிள் கடை, சலவைக் கடை, சலூன் ஆகிய ஐந்தும் சேர்ந்த வலை அது. சலூனுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பிறப்பால் தொழிலைச் சுமத்துவதையும் இழிவு சொல்வதையும் எதிர்த்த பேச்சு, கடைக்காரரின் சொந்த வாழ்வைத் தொட்டது. சுயமரியாதை இயக்கம் 1925-இல் தொடங்கியபோது அதைக் காது கொடுத்துக் கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. விடுதலை பத்திரிகை 1935-இல் வந்தது, முரசொலி பத்திரிகை 1942-இல் வந்தது. சொந்தமாகப் பேப்பர் வாங்க முடியாத தொண்டர் சலூனில்தான் அவற்றைப் படித்தார்.

தி.மு.க. 1949-இல் உருவாகி 1957-இல் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்று 15 இடம் பிடித்தது. 1967-இல் ஆட்சிக்கு வந்தது. இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே கடைவீதியில் “நம்ம கட்சி சலூன்”, “காங்கிரஸ் சலூன்”, ஆலை ஊர்களில் “செங்கொடி சலூன்” என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. சுவரில் பெரியார், அண்ணா படமா, காந்தி, காமராஜர் படமா என்று வாசலிலிருந்தே தெரிந்துவிடும். பல கடைகளில் “இங்கே அரசியல் பேசாதீர்கள்” என்று எழுதியும் வைத்தார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பானால் உடைவது கண்ணாடி. கடையிலேயே விலை அதிகமான பொருள் அதுதான்.

சினிமாவுக்கும் சலூனுக்கும் என்ன சம்பந்தம்?

தியேட்டர்காரர் வாசலில் படத்தட்டி சாத்திவைப்பார். அதற்குக் கூலி, ஓசி பாஸ். படம் மாறும் முதல் நாளே கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பதால் “படம் எப்படி?” என்ற கேள்விக்கு ஊரில் முதல் பதில் சலூனில் கிடைத்தது.

எல்லாரும் அந்த பெஞ்சில் உட்கார முடிந்ததா?

முடியவில்லை. சலூனை ஊர்ப் பொதுமன்றம் என்று புகழும் பல எழுத்துகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டக்கூடாது.

பல கிராமங்களில் தலித் மக்களுக்கு முடிவெட்ட மறுத்தார்கள். வெட்டினால் மற்ற சாதியார் கடைக்கு வரமாட்டோம் என்று மிரட்டுவது வழக்கம். தாமே இழிவு சுமந்த கடைக்காரர், பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் தமக்கும் கீழே ஒரு கோடு கிழித்தார். சாதி எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி கிடைக்காது. அதனால் தலித் இளைஞர்கள் பஸ் ஏறி யாருக்கும் ஆளைத் தெரியாத பக்கத்து நகரத்துக்குப் போய் வெட்டிக்கொண்டார்கள், அல்லது தங்களுக்குள்ளேயே ஒருவர் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

சட்டத்தில் இது அன்றே பேசப்பட்டது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று, கடைகளில் பாகுபாடு கூடாது என்ற பிரிவை விவாதிக்கும்போது, “கடை” என்பதில் சலவையகமும் சவரக் கடையும் அடங்குமா என்ற கேள்வி வந்தது. சேவை தரும் இடத்தையும் சேர்த்த விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் பயன்படுகிறது, உள்ளே நுழைய விடுவதோடு அது முடிவதில்லை என்று அம்பேத்கர் விளக்கினார். அந்தப் பிரிவே இன்றைய அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2). தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்து, 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமானது. அதன்படி சாதி காரணமாகச் சேவை மறுப்பது குற்றம். அப்படியும் மறுப்பு பற்றிய புகார்கள் இந்த நூற்றாண்டிலும் செய்தியாக வருகின்றன.

பெண்கள்?

சலூன் முழுக்க ஆண்களின் இடம். ஊர் கூடியது என்று சொல்லும்போதெல்லாம் ஊரில் பாதி என்றே படிக்க வேண்டும். சலூன்காரர் குடும்பத்துப் பெண்கள் மருத்துவச்சியாகப் பிரசவம் பார்த்தார்கள். இந்தச் சமூகம் மருத்துவர், பண்டிதர் என்று தன்னை அழைத்துக்கொள்வதற்கு வைத்தியமும் ரண சிகிச்சையும் செய்த மரபு காரணம். ஆண் கேட்ட சேதி கடைவீதியுடையது, மருத்துவச்சி கேட்டது வீட்டு உள்ளறையுடையது. இரண்டாவதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பழைய கத்திச் சவரம் எப்படிச் செய்தார்கள்?

முதலில் கத்தி. கூர் மங்கியிருந்தால் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்துத் தீட்ட வேண்டும். முதுகைத் தூக்கினால் வாய் உருண்டுபோகும். பிறகு தோல்வாரை இழுத்துப் பிடித்து, முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, இருபது முதல் முப்பது தடவை. வாய் முன்னே போனால் வாரும் அறுந்துவிடும், கூரும் போய்விடும்.

முகத்தை வெந்நீரால் இரண்டு மூன்று நிமிடம் நனைக்க வேண்டும். மீசை, மோவாய் முடி மற்றதைவிடத் தடிப்பு என்பதால் அங்கே பிரஷ் அதிக நேரம் சுழலும். நுரை தண்ணியாக வழிந்தால் சோப்பு போதவில்லை, விரலில் ஒட்டி இழுத்தால் தண்ணீர் போதவில்லை. கத்தியைத் தோலுக்கு முப்பது பாகை அளவு சாய்த்துப் பிடித்து, மறு கையால் தோலை எதிர்ப்பக்கம் இழுத்து, காதோரத்திலிருந்து கீழ்நோக்கி முடி வளரும் திசையில் முதல் வழிப்பு. மறுபடி நுரை போட்டுக் குறுக்காக இரண்டாவது.

காயம் வருவதற்குப் பெரும்பாலும் கூர் காரணமல்ல. கூர் இல்லாத கத்தியை அழுத்துவதுதான் காரணம். கழுத்தில் சவரப் பரு வருவது எதிர்த்திசையில் ஒட்ட வழிப்பதால். தோலுக்குள்ளேயே வெட்டுப்பட்ட சுருள் முடி வளைந்து உள்ளே வளரும். மோவாய்க்குக் கீழே முடி பல பக்கம் சுழன்று வளரும் என்பதால் விரலால் தடவித் திசை பார்க்காமல் கத்தி வைக்கக்கூடாது.

அரை பிளேடு எப்போது, ஏன் வந்தது?

ஒரே கத்தியால் ஊருக்கே சவரம் செய்வது ரத்தத்தில் பரவும் நோய்களுக்கு வழி. மஞ்சள் காமாலை பி வகை அதில் முக்கியம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால். அதன் பிறகு வந்த விழிப்புணர்வு இயக்கங்கள் “புது பிளேடு போடச் சொல்லுங்கள்” என்பதை மக்கள் வாயில் பதித்தன. பிடியில் பிளேடு மாட்டும் கத்தி பரவலானது.

டோபாஸ், 7 ஓ'கிளாக் போன்ற இருபுற பிளேடைக் காகித உறையோடு நீளவாக்கில் மடக்கினால் சொடுக்கென்று இரண்டாகும். ஒரு பாதி ஒருவருக்கு. வாடிக்கையாளர் கண்ணெதிரே உறையைப் பிரித்து மாட்ட வேண்டும், முடிந்ததும் மூடியில் கீறல் போட்ட டப்பாவில் போட வேண்டும். குப்பைக்கூடையில் போட்டால் கூட்டுபவர் கை கிழியும். கத்தியை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுப்பது வெறும் சடங்கு. கிருமி சாக, குறிப்பிட்ட அளவு கலந்த மருந்தில் குறைந்தது பத்து நிமிடம் ஊறவேண்டும்.

படிகாரக் கட்டியும் அப்படித்தான். அது சுருக்கி ரத்தத்தை நிறுத்தும் என்பது சரி. ஒரே கட்டியை எல்லார் வெட்டிலும் தேய்ப்பது தவறு. கரைத்து வைத்துப் பஞ்சில் தொட்டு வைப்பதே முறை.

கையால் அழுத்தி முடிவெட்டும் கைமிஷின் முடியைப் பிடுங்கியது ஏன்?

மூன்று காரணம். மேல்தகட்டை அழுத்தும் திருகு தளர்ந்திருக்கும், பற்களுக்குள் துகள் முடி அடைத்திருக்கும், அல்லது எண்ணெய் இருக்காது. பத்துத் தலைக்கு ஒருமுறை துலக்கி இரண்டு சொட்டு விட்டால் போதும். இதெல்லாம் சரியாக இருந்தும் பிடுங்கினால் கை தவறு: விரல் முழுக்க மூடித் திறக்குமுன்பே மிஷினை வெளியே இழுப்பது. பழகும் பையன்கள் கையில் சிறுவர்கள் அழுதது இதனால்தான்.

செவ்வாய்க்கிழமை ஏன் கடை மூடல்?

செவ்வாயில் முடி எடுக்கக்கூடாது என்ற நம்பிக்கையால் அன்றைக்கு ஆள் வரமாட்டார்கள். 1947-இன் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒருநாள் கட்டாயம் மூடச் சொல்கிறது. வியாபாரம் இல்லாத நாளையே அதற்கு ஒதுக்கிக்கொண்டார்கள். தொழிலாளர் சங்கங்கள் கட்டண அட்டவணையை நிர்ணயித்ததும் கூட்டம் போட்டதும் அந்த நாளில்தான்.

கூட்டம் குறையும் காலம் உண்டா?

கார்த்திகை ஒன்று முதல் தை பிறக்கும் வரை. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஒரு மண்டலம், அதாவது 41 நாள், கத்தி வைக்கமாட்டார்கள். திரும்பி வந்ததும் ஒரே வாரத்தில் எல்லாரும் வருவார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு கடை விடியவிடியத் திறந்திருக்கும்.

பெஞ்ச் எப்போது காலியானது?

படிப்படியாக. மலிவான ரேசர் சவரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தவர் மாதம் ஒருமுறை வருபவரானார். மின்சார மிஷின் வெட்டும் நேரத்தைப் பாதியாக்கியது. டி.வி. பெஞ்சின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது, செல்போன் குனிய வைத்தது. 2020 ஊரடங்குக்குப் பின் கடைகள் திறந்தபோது இடைவெளி விதியால் பல இடங்களில் பெஞ்சையும் பேப்பரையும் எடுத்தார்கள். சிலர் திரும்பப் போடவில்லை.

எதிர்த்திசையிலும் முயற்சி நடக்கிறது. தூத்துக்குடியில் ஒரு சலூனில் புத்தக அலமாரி வைத்து, படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார் கடைக்காரர். 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது.

எங்கள் ஊர்ச் சலூனைப் பதிவு செய்ய விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

செவ்வாய்க்கிழமை போங்கள், அவருக்கு நேரம் இருக்கும். சாதியை முதல் கேள்வியாக்காதீர்கள். கருவியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பாவின் கத்தி பெரும்பாலும் இன்னும் பெட்டியில் இருக்கும், அதைக் கையில் எடுத்ததும் பேச்சு தானாக வரும். எந்த ஆண்டு கடை, முதல் வாடகை எவ்வளவு, நெல் கூலி எப்போது நின்றது, எந்தப் பேப்பர், யார் உரக்கப் படிப்பார், யாரை உள்ளே விடவில்லை, எப்போது விட ஆரம்பித்தார்கள் என்று கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் அவரிடம் மட்டும் பதில் வாங்கினால் போதாது, தலித் மக்கள் வாழும் காலனியிலும் போய்க் கேட்க வேண்டும்.

பழைய கட்டணப் பலகை, சங்க ரசீது, ரேடியோ உரிமப் புத்தகம் இருந்தால் கேட்டு வாங்கி, அங்கேயே படமெடுத்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடியைப் படமெடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டில் நின்று எடுங்கள். கண்ணாடியில் பெயிண்டால் எழுதிய “அன்பளிப்பு” வரியை விட்டுவிடாதீர்கள். கடை திறந்த தேதியும் கொடுத்தவர் பெயரும் பல ஊர்களில் அந்த ஓர் இடத்தில்தான் எழுத்தில் இருக்கின்றன.